இடது பக்கத்து சீட்

ஜெயபிரகாஷுக்குக் கார் என்றால் பைத்தியம் என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அத்தை அதைப் பெருமையாகத்தான் சொன்னார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கார் மட்டும்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். குடிக்கிறவனாவது காலையில் தெளிந்து எழுந்திருப்பான் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

கல்யாணம் முடிந்து அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடித்தனம் வைத்தோம். அவர் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். எனக்கு இருந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. எங்கள் அபார்ட்மென்டைச் சுற்றி நடந்து போய் வரக்கூடிய இடம் என்று ஒன்றும் இல்லை. பால் வாங்குவதென்றாலும் கார் வேண்டும். அப்போது எங்களிடம் ஒரு பழைய டொயோட்டா இருந்தது. பனிக்காலம் முடியட்டும், அதில் உனக்கு டிரைவிங் சொல்லித் தருகிறேன் என்றார். நான் அந்த வார்த்தையை நம்பிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பனி கரைவதைப் பார்த்தேன்.

பனி கரைந்தது, மோரிஸ் மைனர் பேச்சு ஆரம்பித்தது. பீளமேட்டில் அவர் அப்பா வேலை பார்த்த மில்லின் முதலாளி அப்படி ஒரு கார் வைத்திருந்தாராம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அதைத் தொட்டுப் பார்த்ததற்காக மில் வாட்ச்மேன் இவரைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். அந்த அறையின் கடனை நான் அடைக்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கதை.

அமெரிக்காவிலேயே அந்தக் கார் கிடைத்தது. பென்சில்வேனியாவில் ஒரு பெரியவர் விற்கத் தயாராக இருந்தார். இந்த ஊர் வழக்கப்படி ஸ்டியரிங் இடது பக்கம். இவர் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தால்தான் அது மோரிஸ் மைனராம், மற்றதெல்லாம் பொம்மையாம். அதனால் இங்கிலாந்தில் ஒருவரைப் பிடித்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டி என்றால் இந்த நாட்டுக்குள் கொண்டுவர அவ்வளவாகக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதை எங்கேயோ படித்திருந்தார். அடியில் ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் ஆவியால் கழுவி, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். நியூவார்க் துறைமுகத்துக்கு அதை அழைத்துவரப் போன நாளில் இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட இவர் முகத்தில் அந்தக் களை இல்லை.

பழைய வண்டிகளுக்கென்று நியூ ஜெர்சியில் தனி நம்பர் பிளேட் உண்டு. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் ஓட்டுகிறவர்கள் அதை வாங்குவார்கள். இவர் சாதாரண பிளேட்டே வாங்கினார், ஏனென்றால் தினமும் ஆபீசுக்கு இதில்தான் போவதாக முடிவு. எங்கள் அபார்ட்மென்டுக்கு ஒரே ஒரு பார்க்கிங் இடம்தான். அந்த வாரமே டொயோட்டாவை விற்றுவிட்டார். என் டிரைவிங்கும் அதோடு போயிற்று. நீ பழகுகிற வண்டியா இது என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

பிரிட்ஜ்வாட்டர் கோயில் வாசலில் அந்தச் சாம்பல் பச்சைக் கார் போய் நின்றால் சுவாமியை விட அதற்குத்தான் கூட்டம். சுந்தரராமன் அங்கிள் பானெட்டைத் தடவிக்கொண்டே கண் கலங்கினார். அவருடைய மாமனார் அப்படி ஒன்று வைத்திருந்தாராம். ஆளாளுக்கு ஒரு மாமனார். இவர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்பார். நான் பிரசாதத் தொன்னையை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பேன்.

அந்தக் காரில் இடது பக்கத்து சீட் எனக்கு. மற்ற எல்லா வண்டியிலும் டிரைவர் உட்காரும் இடம் அது. பார்க்வேயில் சுங்கச்சாவடி வந்தால் டோக்கனைக் கூடைக்குள் எறிவது என் வேலை. பர்கர் கடை ஜன்னலில் கையை நீட்டுவதும் நான்தான். ஒருமுறை வாரப் பத்திரிகை படித்துக்கொண்டு வந்தபோது பக்கத்து லேன் லாரிக்காரர் விடாமல் ஹார்ன் அடித்துக் கையை ஆட்டித் திட்டினார். வண்டி ஓட்டிக்கொண்டே படிக்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். அன்றைக்கு நாங்கள் இருவரும் வீடு வரும்வரை சிரித்தோம். அந்தக் காரில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

வம்பு ஓவர்டேக் பண்ணுவதில் இருந்தது. பெரிய ரோட்டில் பிரச்சினை இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரே லேன் இருக்கும் ரோட்டில் முன்னால் ஒரு லாரி போனால், வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற இவருக்கு எதிரே வருவது தெரியாது. எனக்குத்தான் தெரியும். "பார்த்துச் சொல்லு" என்பார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்து, போகலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லி, எதிரே வந்த வண்டி கொஞ்சம் தாமதமாகக் கடந்தால், இந்நேரம் இரண்டு லாரியைத் தாண்டியிருக்கலாம் என்று வீடு வரைக்கும் அர்ச்சனை. போகலாம் என்று சொல்லி, இடைவெளி கொஞ்சம் குறைவாக இருந்துவிட்டால் கொல்லப் பார்க்கிறாயா என்று அர்ச்சனை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எவ்வளவு தூரம் போதும், இந்த வண்டி எவ்வளவு வேகமெடுக்கும் என்று நான் எதைக் கண்டேன்? இனிமேல் சொல்ல மாட்டேன் என்று ஒருநாள் சண்டை போட்டேன். சரி, வீட்டிலேயே இரு என்றார். அடுத்த சில வாரங்கள் அந்த நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானாகவே போய் இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹில்ஸ்பரோ பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நேரமாகிவிட்டது என்று இவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எங்களுக்கு முன்னால் பூசணிக்காய் ஏற்றிய நீளமான டிரெய்லர் ஒன்று ஆடி அசைந்து போனது.

"ஓவர்டேக் பண்ணலாமா?"

நான் பார்த்தேன். நீல நிறக் கார் ஒன்று எதிரே வந்துகொண்டிருந்தது.

"வேண்டாமுங்க. வண்டி வருது."

"நீ எப்பவும் இதேதான் சொல்லுவே" என்றார். ஸ்டியரிங்கை வளைத்தார்.

அந்த வண்டிக்கு அவ்வளவு வேகம் ஏது? இன்ஜின் கத்தியது, பூசணிக்காய்கள் எங்கள் பக்கத்தில் அப்படியே நின்றன. நீலக் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓட்டியவர் வயதானவர், தொப்பி போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண்மணி. அவர்களுக்கு நேர் எதிரே நான். என் இரண்டு கையும் தானாக மேலே போயின. கடைசி நொடியில் அந்தப் பெரியவர் தன் வண்டியை ரோட்டை விட்டு வெளியே ஒடித்தார். அது ஒரு மரத்தில் போய் மோதிய சத்தம் எங்களுக்குப் பின்னால் கேட்டது. எங்கள் காரில் ஒரு கீறல் இல்லை.

போலீஸ்காரர் வந்தவுடன் என் பக்க ஜன்னலைத் தட்டி லைசென்ஸ் கேட்டார். ஸ்டியரிங் இல்லாத வெறும் மடியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

பெரியவர் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஹெரால்ட் என்று பெயர். மனைவி டோரதிக்குக் கை ஒடிந்திருந்தது. செய்தி வந்த பிறகு இவர் வெகுநேரம் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கே இரக்கமாக இருந்தது. காபி போட்டுக் கொண்டுவந்தபோது யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "வான்மதி போகலாம்னு சொன்னா, நம்பி எடுத்துட்டேன்" என்றார். என்னைப் பார்த்த பிறகும் அவர் குரல் மாறவில்லை.

போனை வைத்ததும் கேட்டேன், நான் அப்படியா சொன்னேன் என்று. அவர் கோபப்படவில்லை. குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல் சொன்னார்.

"எனக்கு கிரீன் கார்டு பாதியில நிக்குது. நாலு பேரு மூஞ்சில முழிக்கணும். உனக்கு லைசென்ஸே இல்ல, உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இதுல உனக்கு என்ன போகுது?"

கோர்ட்டில் அது செல்லாது, ஓட்டியவர் பேரில்தான் கேஸ். ஆனால் ஊர் வேறு கோர்ட். கோயிலில் என்னைப் பார்த்தவுடன் பேச்சை மாற்றினார்கள். பக்கத்து அபார்ட்மென்ட் நாகலக்ஷ்மி ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, போனது போச்சு, இனிமேலாவது நன்றாகப் பார்த்துச் சொல்லும்மா என்றார். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன் ஆன்ட்டி என்றேன். சரிம்மா சரிம்மா என்று கையைத் தட்டிக் கொடுத்தார். ஒருத்தர் செத்துப்போனதற்குக் காரணம் நான் என்று அத்தனை பேரும் என்னை மன்னித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட அவர்கள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். இவர் அந்தக் காரையே கழுவித் துடைத்து மறுபடியும் ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

துக்கம் விசாரிக்கப் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எங்கள் வக்கீல் அந்த வீட்டுப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். இந்த ஊர் நியாயம் எனக்குத் தேவையில்லை. நம்மால் ஒரு சாவு விழுந்திருக்கிறது, அந்த வாசல்படியை மிதிக்காமல் நான் எப்படிச் சோறு தின்பது? கோயம்புத்தூரில் பகையாளி வீட்டு எழவுக்குக்கூடப் போய்த் தலையைக் காட்டுவோம். கொஞ்ச நாள் முரண்டு பிடித்துவிட்டு இவரும் ஒத்துக்கொண்டார். நேரில் பார்த்தால் அந்த அம்மாவின் மனசு இளகும், கேசுக்கும் நல்லது என்று கணக்குப் போட்டிருப்பார்.

சின்ன வீடு. டோரதி மாவுக்கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்தார். நாங்கள் யாரென்று சொன்னதும் முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார். உள்ளே உட்கார்ந்ததும் இவர் மனப்பாடம் செய்துவைத்த மாதிரி ஆபீஸ் இங்கிலீஷில் வருத்தம் தெரிவித்தார். முடிக்கும்போது, என் மனைவி தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டாள் என்றார். அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் உன்னைப் பார்த்தேன்" என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். "நீ ஸ்டியரிங்கை விட்டுவிட்டாய். இரண்டு கையையும் தூக்கிவிட்டாய். ஒரு மனுஷி ஏன் அப்படி விடுவாள் என்று தினமும் யோசிக்கிறேன். நீ பிடித்திருந்தால் அவர் இருந்திருப்பார்."

இத்தனை நாளும் அந்த அம்மா என் முகத்தை வைத்துக்கொண்டுதான் தூங்காமல் இருந்திருக்கிறார். என் பக்கத்தில் ஸ்டியரிங்கே கிடையாது என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். போலீசும் அப்படித்தான் ஏதோ சொன்னார்கள், என் மண்டையில் ஏறவில்லை என்றார். எழுந்து மெதுவாக ஜன்னலுக்குப் போனார். வெளியே மோரிஸ் மைனர் நின்றுகொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்படியானால் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?"

"பார்த்துச் சொல்வதற்காக உட்கார்ந்திருந்தேன்."

"சொன்னாயா?"

இவர் தமிழில் தணிந்த குரலில் "வான்மதி, பேசாம இரு" என்றார்.

"வேண்டாமென்று சொன்னேன்" என்றேன். "அவர் போனார்."

டோரதி அப்போதுதான் முதல்முறையாக இவரைப் பார்த்தார். இவர் கார்ப்பெட்டைப் பார்த்தார். அந்த அம்மா கத்துவார், அழுவார் என்று காத்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவரிடம் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் மறுபடி என்னிடம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இன்றைக்கும் அதே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தாயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு அவமானமாக இருந்தது. ஊரெல்லாம் சேர்ந்து என்மேல் போட்ட பழி என்னை இந்த அளவுக்குக் குன்றவைக்கவில்லை.

எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. போய்விட்டு வருகிறேன் என்று அங்கே சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நான் எழுந்தேன். கதவைத் திறந்து வெளியே வந்து, கார் நின்ற பக்கத்தை விட்டுவிட்டு ரோட்டோரமாக நடந்தேன். பின்னாலிருந்து இவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை, இவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.