ஐந்தாம் கூண்டும் ஆறாம் கூண்டும்

பெர்சி சார் முடிவெடுத்துவிட்டுத்தான் ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஜெனிலா டீச்சரின் வாசிப்பு வகுப்பை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தையும் தன் கணக்கு வகுப்புக்கே தரவேண்டும் என்று கேட்டிருந்தவர் அவர்தான். "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க, நீங்க சொல்லுறபடி செஞ்சிருவோம்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பார்க்க என்ன இருக்கிறது? பிள்ளைகள் கதை படிக்கும், டீச்சர் தலையாட்டுவாள். இங்கே பிள்ளைகளுக்குப் பெருக்கல்தான் தகராறு.

ஆனால் கதையே இல்லை. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு தாள்கள். ஒன்று பழைய புயல் செய்தி. மற்றது துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கான விளக்கம். இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முறைத்துக்கொள்கின்றன என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். ஜெனிலா போட்ட சட்டம் ஒன்றுதான்: வாயைத் திறக்கும் முன் ஒரு விரல் இந்தத் தாளின் வரியில், இன்னொரு விரல் அந்தத் தாளின் வரியில் இருக்க வேண்டும்.

ஆக்னஸ் எழுந்தாள். இவளா என்று பெர்சி சார் நிமிர்ந்தார்.

"டீச்சர், ரெண்டும் மல்லுக்கு நிக்கி. அஞ்சாம் கூண்டை இறக்கி ஆறாம் கூண்டு ஏத்தியாச்சு, அபாயம் கூடிட்டுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. இந்தத் தாள்ல அப்படி இல்ல."

பெர்சி சாருக்குப் பொறுக்கவில்லை. துறைமுகத்து ஊரிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் கூண்டைப் பற்றி ஒரு பொடிசு பேசுவதா! "ஏளா, அஞ்சை விட ஆறு பெருசுல்லா? கூடத்தான செய்யும்!"

ஆக்னஸ் திரும்பிப் பார்த்தாள். "சார், உங்க ரெண்டாவது விரலு எங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஜெனிலா சிரிக்கவுமில்லை, பிள்ளையை அதட்டவுமில்லை. விளக்கத் தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வாசித்தார். துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் புயல் கடந்து போகும் என்பதில்தான் ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம், அபாயம் ஒன்றேதான். அட ஆண்டவரே! டீக்கடையில் எத்தனை பேரை ஆறாம் நம்பரைச் சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்!

"அப்போ பேப்பர்காரன் பொய் சொல்லுதானா டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

ஆமாம் என்றோ இல்லை என்றோ ஜெனிலா சொல்லவில்லை. "ரெண்டையும் எழுதினவங்க எதைப் பாத்து எழுதிருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, அவசரப்படாமல் காத்திருந்தாள்.

ஆக்னஸ்தான் பிடித்தாள். "பேப்பர்ல எழுதினவரும் நம்ம சார் மாதிரி நம்பரை மட்டும் பாத்திருப்பாரு டீச்சர்."

பெர்சி சாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சந்தோஷம். பெரிய ஆள்தான் இந்த ஜெனிலா என்று மனசாரச் சொல்லிக்கொண்டார்.

வராந்தாவில் தலைமையாசிரியை நின்றார். "என்ன சார், அந்த வகுப்பை உங்களுக்கே போட்டுரவா?"

"வேண்டாம் டீச்சர்" என்றார் பெர்சி சார். "ஆக்னஸ் ரெண்டு வருஷமா எங்கிட்ட கணக்கு படிக்கா. இன்னைக்குத்தான் அவ குரலையே கேட்டேன்."