பட்டாபியின் டேங்க் கிளீனர்

2025 செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை, தில்லி ஜங்புராவில் குளித்துவிட்டு வெளியே வந்த பட்டாபியின் மார்பில் ஒன்றரை அடி நீள மீன் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தக்காளி கிலோ நாற்பது ரூபாய் விற்ற வாரம் அது. மனைவி விஜயலக்ஷ்மி பார்த்துவிட்டு, "ஏன்னா, நம்மாத்து டேங்க் கிளீனர்தானே இது!" என்றாள். அதேதான். துடுப்பிலிருந்த வெட்டுகூட மாறவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு இழுத்தார்கள்; ஊஹூம், அசையவில்லை. தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டாபி ஆபீசுக்குக் கிளம்பினார். மெட்ரோ சோதனையில் காவலர் தடவிப் பார்த்து, "மச்லி?" என்று கேட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மீன் 2021இல் சுண்டுவிரல் அளவில் அந்த வீட்டுக்கு வந்தது. கண்ணாடித் தொட்டியின் பாசியை வழித்துத் தின்பதற்காக வாங்கியது. பாசி தீர்ந்ததும் தங்கமீன்களின் உடம்பு வழுவழுப்பை உறிஞ்ச ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் தொட்டிக்குள் திரும்ப இடமில்லை. கொல்வது பாவம் என்றாள் விஜயலக்ஷ்மி. இனி பட்டாபி செய்த கூத்தைக் கேளுங்கள். அயல் மீன்களைக் குளம் குட்டைகளில் விடக்கூடாது என்ற சுற்றறிக்கையைத் தன் மீன்வளத் துறை ஆபீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அந்த மீன் என்ன தின்னும், கரையை எப்படிக் குடையும், தண்ணீர் வற்றினாலும் காற்றை விழுங்கி எப்படி உயிரோடு கிடக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வேலைக்கு வரும் காந்திமதியிடம் வாளியைக் கொடுத்து, காலனிப் பூங்காக் குளத்தில் விட்டுவிட்டு வரச் சொன்னார்.

சனிக்கிழமைதோறும் ஜனங்கள் ஆட்டா உருண்டை போட்டுப் புண்ணியம் தேடிய குளம் அது. டேங்க் கிளீனர் பாசியை வழித்தது, அடிச்சேற்றைத் தின்றது, சேற்றோடு ரோகு, கட்லா முட்டைகளையும் தின்றது. ஒற்றை மீன் எப்படிப் பெருகியது என்று யாரும் கேட்கவில்லை, பெருகியது. அடுத்த கோடையில் ரோகுக் குஞ்சு ஒன்றுகூட இல்லை, கரை இரண்டு இடத்தில் சரிந்தது. காலனிக் கூட்டத்தில், காந்திமதி வாளியோடு போனதைப் பார்த்ததாக வாட்ச்மேன் சொன்னான். "சார் சொல்லித்தான் வுட்டேன்" என்றாள் அவள். எல்லோரும் பட்டாபியைப் பார்த்தார்கள். பட்டாபி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சுற்றறிக்கையின் அடியிலிருந்த தன் கையெழுத்து ஞாபகம் வந்தது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று இந்தியில் சொன்னார். அவள் முகத்துக்கு நேரே தமிழில் சொல்ல நா எழவில்லை. நான்கு வீட்டு வேலையும் காந்திமதிக்கு அன்றே போயிற்று. மறு வருஷம் ஜூனில் அவள் குடியிருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பும் இடிபட்டு, அவள் ஊரின் வடகோடியிலிருக்கும் நரேலாவுக்குப் போனாள். அன்றிலிருந்து பட்டாபிக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டார். வெட்கக்கேடே அதுதான்.

மீன் ஒட்டிய பிறகு சாப்பாடு குறைந்தது. மீன் அவருடைய வியர்வையைத் தின்றது, பூசிய சந்தனத்தைத் தின்றது, சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையிலிருந்த பெயரைத் தின்றது. காலனியின் அக்டோபர் கூட்டத்தில் பட்டாபி எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். சொன்னதும் மீன் விழுந்துவிடும் என்று நினைத்தார். விழவில்லை. அந்த ஞாயிறே நரேலாவுக்குப் போய்க் காந்திமதியின் கதவைத் தட்டினார்.

"நான்தான் விடச் சொன்னேன்னு கூட்டத்துல சொல்லிட்டேம்மா."

"இப்ப சொல்லி இன்னா சார்? நாலு வூடும் வேற ஆள வச்சிடுச்சி. இங்கேர்ந்து ஜங்புரா போவ ரெண்டு பஸ்ஸு."

பட்டாபியால் தலை நிமிர முடியவில்லை. நின்ற இடத்திலேயே அழுதார். காந்திமதி அவரை உட்காரச் சொல்லவில்லை. சட்டைக்குள் மீன் திணறுவதைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு மக் தண்ணீர் கொண்டுவந்து, அவர் மார்பில் ஊற்றினாள்.

"நீங்க பண்ணதுக்கு அது இன்னா பண்ணும்? காய வுடாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் பட்டாபி கோப்பை மூடிவைத்துவிட்டுச் சட்டைக்குள் தண்ணீர் ஊற்றுகிறார். ஆபீசில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மீன் இப்போது இரண்டடி.