விருந்தாளி வந்தால் நகரும் கறை

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரி ஜெகபர் அலியின் வீட்டுக் கம்பளத்தில் இருந்த டீக் கறை, விருந்தாளி வந்தால் சோபாவுக்கு அடியிலிருந்து நகர்ந்து ஹாலின் நடுவில் வந்து படுத்துக்கொள்ளும். கரண்ட் மீட்டர் பார்க்க வருபவருக்கு வராது. சிலிண்டர் போடுபவருக்கும் வராது. உள்ளே வந்து, உட்கார்ந்து, வீட்டைக் கண்ணால் ஒரு சுற்று அளப்பவர்களுக்கு மட்டும் வரும். கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டால் மறுபக்கம் ஏறி வந்தது. மேலே பாய் விரித்தால் பாயில் படிந்தது. மழை நாளில் லேசாக இஞ்சி வாசம் அடிக்கும், அவ்வளவுதான். மற்றபடி யாருக்கும் தொந்தரவு இல்லை.

அந்தக் கறையை உண்டாக்கியவள் ஜெகபர் அலியின் மனைவி அஜீஸுன்னிசா. கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க நத்தத்திலிருந்து வந்த பெண்கள் அவள் பின்னலை அவிழ்த்து முடியைச் சாண் வைத்து அளந்தார்கள். பிறகு கால் ஊனமா என்று பார்க்கச் சுவர் வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். அவள் சுவரைத் தாண்டி அடுப்படிக்கே நடந்துபோய், அவர்களுக்காகப் போட்டு வைத்திருந்த இஞ்சி டீயைத் தட்டோடு எடுத்துவந்து, அவர்கள் முன்னால் கம்பளத்தின் மேல் கவிழ்த்தாள். யார் மேலும் ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. சம்பந்தம் அத்தோடு முறிந்தது. அவள் அத்தா எலுமிச்சம்பழம் தேய்த்தார், மண்ணெண்ணெய் போட்டார், கடைசியில் அழுதார். கறை போகவில்லை. அடுத்து வந்தவர் ஜெகபர் அலி. மாப்பிள்ளை தானே நேரில் வரும் வழக்கம் கிடையாது. அவர் வந்தார். நடுவில் வந்து கிடந்த கறையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார், டீயைக் குடித்தார், சரி என்றார். அவள் அம்மா கறை தன் வீட்டை விட்டுப் போகட்டும் என்று சீர் சாமான்களோடு கம்பளத்தையும் வேனில் ஏற்றி அனுப்பினாள். அன்றிலிருந்து ஜெகபர் அலி தினமும் அதைச் சுற்றித்தான் நடக்கிறார். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை.

இதையெல்லாம் பொறுக்க முடியாதவள் அவருடைய அக்கா காதர் பீவி. தம்பி மகள் ஷமாவுக்கு வத்தலக்குண்டில் ஒரு சம்பந்தம் பேசி முடிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். மாப்பிள்ளை முகமது யாசின் கத்தாரில் இருந்தான். ஷமா ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். நிக்காஹ் நிச்சயமான அன்றே வேலையை விட்டுவிட வேண்டும் என்று அந்த வீட்டார் போனில் சொன்னார்கள். ஷமாவைக் கேட்காமலே காதர் பீவி சரி என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து பார்த்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது.

“அந்த வீட்டுக்கு நான் போக மாட்டேன்மா,” என்றாள் ஷமா.

“வந்து பார்த்துட்டுப் போகட்டும்,” என்றார் ஜெகபர் அலி. அவருடைய பேச்சுகள் எல்லாம் இப்படி எந்தப் பக்கமும் சாயாதவை.

காதர் பீவிக்குக் கவலை கறையைப் பற்றித்தான். “ஏண்டி அஜீஸு, உன் கறை உன்னோட போகட்டும். எம் மருமக தலையில அதை ஏன் கட்டுற?” என்றாள். உள்ளூரில் சோபா, கார்பெட் கழுவ ஆள் உண்டு. ஆனால் அவர்கள் நாலு வீட்டுக்குப் போகிறவர்கள், வாய் சும்மா இருக்காது. அதனால் பழனி லாட்ஜுகளில் கார்பெட் கழுவும் பாக்கியராஜை ஆயக்குடியிலிருந்து வரவழைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் அவன் லோடு ஆட்டோவில் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தான். வரும் வழியில் வாங்கிய கொய்யாப்பழம் ஒரு பை அவன் சீட்டில் இருந்தது.

அவன் ஹாலைக் கண்ணால் அளந்ததும் கறை சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வந்து அவனைப் பார்த்தது. அவன் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தான்.

“ஏனுங்க, இது என்ன கறைங்க? சொன்னாத்தானுங்க எந்த மருந்து போடறதுன்னு தெரியும்.”

“கறிக்குழம்பு,” என்றாள் காதர் பீவி.

அவன் எண்ணெய்ப் பிசுக்குக்கு உள்ள மருந்தை அடித்து மெஷினை ஓட்டினான். கறை இரண்டு மடங்கானது. “புளித்தண்ணியா இருக்கும்,” என்றாள். அவன் வேறு பாட்டிலை எடுத்தான். கறை கம்பளத்தின் கரையைத் தாண்டித் தரையில் இறங்கியது. “சின்னப் பிள்ளைக ஒண்ணுக்கு இருந்திருக்கும்,” என்றாள். இந்தத் தடவை கறை சுவரில் ஏறிக் கடிகாரத்தை மூடியது. மணி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. பாக்கியராஜ் பயப்படவில்லை. தைப்பூசம் முடிந்த மறுநாள் லாட்ஜுகளில் இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தவன் அவன். எரிச்சல்தான் வந்தது. மருந்து விலை ஏறிக் கிடந்த நேரம் அது.

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அஜீஸுன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“டீ. இஞ்சி டீ,” என்றாள். “சிந்தலை. நான்தான் வேணும்னு கொட்டுனேன்.”

“அடியே, வாயை மூடு,” என்றாள் காதர் பீவி.

“எதுக்கு மதினி மூடணும்? எம் முடியைச் சாண் போட்டாக. சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி நடக்க விட்டாக. கொட்டுனேன். இன்னிக்கு வந்தாலும் கொட்டுவேன்.”

கறை சுவரிலிருந்து பூனை இறங்குவதுபோல இறங்கி, கம்பளத்தின் நடுவில் பழைய அளவுக்குச் சுருங்கிப் படுத்தது. கடிகாரம் மறுபடி தெரிந்தது. பாக்கியராஜுக்கு நிம்மதி. “டீன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க. இதுக்கு மருந்து இருக்கு. ஒரே இழுப்புல போயிரும்,” என்று பாட்டிலைத் திறந்தான்.

அஜீஸுன்னிசா மூடியை வாங்கித் திரும்ப மாட்டினாள். “மத்த இடத்தையெல்லாம் பளிச்சுனு கழுவுங்க தம்பி. இதைத் தொடாதீங்க. நல்லாத் தெரியணும்.”

கறையை விட்டுவிட்டுக் கம்பளத்தைக் கழுவச் சொன்ன வீட்டை அவன் பார்த்ததில்லை. ஆனாலும் கழுவினான். தோல் மண்டியிலிருந்து வந்த ஜெகபர் அலியிடம் காதர் பீவி முறையிட்டாள். அவர் செருப்பைக் கழற்றினார், கறையைச் சுற்றி நடந்துபோய் உட்கார்ந்தார். “இருக்கட்டும்க்கா,” என்றார். அந்த வீட்டில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சொன்ன முதல் சொல் அது.

ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து பெண்கள் வந்தார்கள். கம்பளம் புல்தரைபோல வெளிர்ப் பச்சையாக இருந்தது, நடுவில் கறை ஒளிவு மறைவில்லாமல் கிடந்தது. முகமது யாசினின் பெரியம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். ஷமா டீத் தட்டோடு வந்தாள். பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தட்டை வச்சுட்டு செத்த நடந்து காட்டும்மா,” என்றார்.

ஷமா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை அசைக்கவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை. ஷமா தட்டோடு நடந்தாள். கறை வரைக்கும் நடந்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்குப் போட்ட டீயில் ஒன்றை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

“வேலையை விட மாட்டேன் பெரியம்மா. டீ ஆறுது, குடிங்க,” என்றாள்.

கறை அவளைத் தாங்கிக்கொண்டு மெதுவாகச் சோபாப் பக்கம் நகர்ந்தது. பெண்கள் எல்லாரும் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டார்கள். பெரியம்மாவின் காலடிக்கு வந்ததும் ஷமா கடைசி மடக்கைக் கம்பளத்தில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். வந்த கார் சாயங்கால அசர் தொழுகைக்கு முன்பே வத்தலக்குண்டுக்குத் திரும்பிவிட்டது. காதர் பீவி அந்த நோன்புப் பெருநாள் வரைக்கும் பேசவில்லை. பெருநாளன்று பிரியாணிக்கு வந்து, கறையை மிதிக்காமல் சுற்றிப் போய் உட்கார்ந்தாள்.

ஷமா இப்போதும் ஸ்கேன் சென்டருக்குப் போகிறாள். பாக்கியராஜ் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கம்பளம் கழுவுகிறான். என்ன கறை என்று அவன் கேட்பதில்லை. மெஷின் ஓடும்போது பெரிய கறையும் சின்னக் கறையும் எழுந்து வாசல் பக்கம் போய் நிற்கும். ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்து அதனதன் இடத்தில் படுத்துக்கொள்ளும்.