ஏறிக்கிட்டே இருக்கிற ஜீப்பு

தன்னைவிட விவரமான ஆள் போடியில் இல்லை என்ற எண்ணம் யோகராஜுக்கு வெகுநாளாக உண்டு. ஏலக்காய் வியாபாரம் சூடு பிடித்ததும் அந்த எண்ணம் முற்றிப்போய்விட்டது. மலைத்தோட்டங்களிலிருந்து பச்சைக்காயை ஜீப்பில் இறக்கி உலர்த்திக் கொடுப்பது அவர் தொழில். தோட்டக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்டை வைத்தார். "மெட்ராஸ்காரன் கணக்கா பேசக்கூடாது, நம்மூருப் பேச்சு வேணும்" என்று தன்னுடைய பழைய வாட்ஸப் குரல்பதிவுகளையே அதற்கு மாதிரியாகக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தவள் அருணா. கடையின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவள் தலையில்தான்.

போன மாதம் அந்த ஏஜென்டு, போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் பொன்னுமணியிடம் ஜீப்பு மலையேறி வருவதாகச் சொன்னது. வரவில்லை. பறித்த காய் மூட்டையிலேயே புழுங்கி வீணாகிவிட்டது. அவள் இறங்கி வந்து கேட்டபோது, "மெஷினு பொய் சொல்லாது, நீதான் சொல்ற" என்று நாலு பேர் முன்னால் அடித்துப் பேசிவிட்டார் யோகராஜ். அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவி, இப்போது எல்லாக் கடைக்காரர்களும் பொன்னுமணியின் காயைத் தொடத் தயங்கினார்கள். அடுத்த பறிப்பு வேறு நெருங்கிவிட்டது. அந்த ஏஜென்டைப் பழக்கியது தன் கைதானே என்று அருணாவுக்கு உறுத்தியது. ஏஜென்டு என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று கண்காணிக்கும் மென்பொருள் ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்று முதலாளியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தாள்.

விற்க இரண்டு பேர் வந்தார்கள். முதலில் ஜெகதீஷ். போடி வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த மகராசன். கடைக்கு வந்த போன் அழைப்புகளைப் பெரிய டிவியில் பச்சை வட்டங்களாகச் சுற்றவிட்டான். யோகராஜ் வாயைப் பிளந்தார்.

"பொன்னுமணிகிட்ட என்ன சொல்லுச்சுன்னு காட்டுங்க" என்றாள் அருணா.

"அந்த போன் கால் சக்சஸ் மேடம்."

"என்ன சொல்லுச்சு?"

"ரெண்டே செகண்டுல பதில் சொல்லிருச்சு மேடம்!"

குழம்பு கொதித்ததைப் பார்த்துவிட்டு ருசி பிரமாதம் என்று சொல்கிற ஜென்மம். இவனுக்கும் எவனோ சம்பளம் கொடுக்கிறானே என்று அருணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து வந்த கிருபாராணியிடம் டிவி இல்லை, வட்டமும் இல்லை. பழைய லேப்டாப்பில் வரிவரியாக எழுத்து. அந்தப் போன் அழைப்பை அவள் திறந்து காட்டினாள். பொன்னுமணி கேட்டது, ஏஜென்டு ஜீப்பு எங்கே என்று தேடியது, டிரைவரிடமிருந்து தகவல் வராதது, எல்லாம் அடுத்தடுத்து வந்தன. கடைசியில் ஏஜென்டு சொன்ன பதில்: "இந்தா ஏறிக்கிட்டிருக்கு ஆத்தா, வெரசா வந்துரும்."

"தகவலே இல்லாம இத எங்கருந்து எடுத்துச்சு?" என்றாள் அருணா.

"நீங்க கொடுத்த குரல் மாதிரியிலருந்துதான்" என்று கிருபாராணி ஒரு வரியைத் தட்டினாள். லேப்டாப்பிலிருந்து யோகராஜின் சொந்தக் குரல் வந்தது. "இந்தா ஏறிக்கிட்டிருக்கு ஆத்தா, வெரசா வந்துரும்." பின்னால் சலூன் கத்தரிச் சத்தம் தெளிவாகக் கேட்டது; முடிவெட்ட உட்கார்ந்தபடியே அடித்துவிட்ட பொய்.

ஏஜென்டு தப்பே செய்யவில்லை. முதலாளியிடம் ஒழுங்காகப் பாடம் படித்திருக்கிறது, அவ்வளவுதான். அருணாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

யோகராஜ் தொண்டையைச் செருமினார். "இத அழிக்க முடியுமா?"

"அழிக்கிறதுக்கா சார் இத வாங்குவாங்க?" என்றாள் கிருபாராணி.

"அப்ப வேணாம். அந்தப் பச்ச வட்டமே போதும். கடைக்கு வர்றவன் பாத்தா ஒரு மதிப்பு."

இன்னும் போகாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஜெகதீஷ் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். வாங்குகிறவருக்கும் விற்கிறவனுக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

அந்த நேரம் பார்த்து அருணாவின் போன் அடித்தது. பொன்னுமணி. எதையாவது சொல்லிச் சமாளி என்று யோகராஜ் கையால் சாடை காட்டினார். அருணா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஆத்தா, அன்னைக்கு ஜீப்பு எங்க இருந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியாது. பொய் சொன்னது நாங்கதான். எந்தக் கடைக்கு வேணாலும் கூப்புடு, நானே வந்து சொல்றேன்."



"எனக்குத்தான் அது தெரியுமேடி" என்றாள் பொன்னுமணி. "ஒம் மொதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியும் ஆத்தா" என்றாள் அருணா, யோகராஜைப் பார்த்துக்கொண்டே. "அதனாலதான் எதையும் காட்டாத டிவியாப் பாத்து வாங்குறாரு."