கிளாட்வின் சொன்ன சாட்சி

கர்த்தர் தன்னைக் காப்பாற்றினார் என்று கிளாட்வினைச் சர்ச்சில் சாட்சி சொல்ல வைக்க, ஜெப்ஸி இரண்டு மாதம் அவனிடம் பல்லைக் காட்டிப் பேச வேண்டியிருந்தது. அவள் தம்பி அபிலாஷைப் பனிக்கால மலையேற்றத்துக்கு இமாச்சலுக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். கைடோடு சேர்த்து மூன்று பேர் போனார்கள். பனிச்சரிவில் தப்பி வந்தவன் கிளாட்வின் மட்டுமே. சரியும் என்பதற்கு ஒரு அறிகுறியும் இல்லை, அபிலாஷ்தான் பேச்சுக் கேட்காமல் முன்னால் போய்விட்டான் என்று போலீசில் சொல்லிவிட்டான். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? திமிர் பிடித்த பையன் என்று அவர்கள் ஊர் நாசரேத் முழுக்கப் பேச்சு. தம்பி மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும், இவனை நார் நாராகக் கிழிக்கவும் வேண்டும் என்று ஜெப்ஸி கறுவினாள்.

பனியையே கண்ணால் பார்க்காதவள் பனிச்சரிவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். மேலே புதுப்பனி கனத்து, அடியில் ஒரு அடுக்கு உதிரியாகக் கிடந்தால், கால் வைத்ததும் ‘வூம்’ என்று உள்ளே இறங்கும். அந்தச் சத்தம் கேட்டால் சரிவில் ஏறவே கூடாது. கிளாட்வின் அதைக் கேட்டிருப்பான் என்று அவளுக்கு உறுதியாகப் பட்டது. அதை அவன் வாயாலேயே வரவழைக்க வேண்டும்.

இந்த ஊரில் ஆபத்தைக் குறைத்துச் சாட்சி சொன்னவர் கிடையாது. சளிக்காய்ச்சல் வந்தவர்கூடக் கல்லறை வாசல்வரை போய்த்தான் திரும்புவார்.

“ஆபத்து பெரிசுன்னு தெரிஞ்சாத்தான அண்ணாச்சி, கர்த்தர் செஞ்சது ஜனங்களுக்குப் புரியும். ஒண்ணையும் விட்ராதீங்க,” என்றாள் முந்தின நாள்.

“நீயே இப்படிச் சொல்லுத பாரு ஏளா, அது போதும்,” என்று அவன் கண்கலங்கினான்.

ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்தவனுக்கு ஆவேசம் நன்றாகவே ஏறிவிட்டது. சபையின் யூடியூப் நேரலைக்காகப் பெர்சி என்ற பையன் கேமராவோடு எதிரே நின்றான்.

“ராவெல்லாம் பனி கொட்டியிருக்கு. காலடியில மூணு தடவ ‘வூம்’னு இறங்குது. கைடு திரும்பிருவோம்னு கெஞ்சுதான். அபிலாஷும் வேண்டாம்ணேன்னான். நான் ஜெபம் பண்ணுனேன். விசுவாசத்தோட நீ முன்ன ஏறுலேன்னு அவன அனுப்பிட்டு...”

சொன்னது என்னவென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் மெதுவாக மைக்கைக் கீழே வைக்கப் போனான்.

முன்வரிசையில் ஜெப்ஸி எழுந்தாள்.

“நிறுத்தாதீங்க அண்ணாச்சி. லைவ்ல போய்க்கிட்டிருக்கு, இமாச்சல் போலீசும் பாக்கணும்லா. முன்ன போனவனுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லி முடிங்க.”

இரண்டு மாதமாக அவனிடம் பொய்யாகச் சிரித்தவள் அப்போதுதான் மனதாரச் சிரித்தாள்.