முன்னியின் கணவர்

"லெட்டர்ல இன்னா போட்டிருக்குது?"

"இடம் கிடைச்சிருக்குது மச்சான். கணக்குல மேல படிக்கலாம். படிக்கிறப்பவே அங்க புள்ளைங்களுக்கு வகுப்பும் எடுக்கணும், அதுக்குச் சம்பளம் தராங்களாம்."

"அப்பப் போ."

"அமெரிக்கா மச்சான்."

"தெரியுது. ஸ்டாம்பைப் பார்த்தேனே. போ."

பிப்ரவரி மாதத்தில் ஒரு மத்தியானம், செஞ்சிக் கடைத்தெருவில் ரியாசுதீனின் ரேடியோ ரிப்பேர் கடையில் அவனுக்கும் மனைவி மெஹர் பானுவுக்கும் நடந்த பேச்சு அது. அவன் கையில் இருந்த ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைக்கக்கூட இல்லை. திறந்து கிடந்த ஒரு மர்ஃபி ரேடியோவுக்குள் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

நான்கு மாதங்களாக மெஹர் பானு அந்த 'போ'வை மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரமாகச் சொன்னானே, அது சந்தோஷமா, வருத்தமா? கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. தடுத்திருந்தால் அழுதிருப்பாள். தடுக்காததற்கும் அழுகை வந்தது. 'நீங்களும் வாங்க' என்று சொல்ல அன்றைக்கே வாயெடுத்தாள். ஆனால் அந்தக் கடை அவன் இருபது வயதில் ஒற்றை ஆளாக உண்டாக்கியது. அதைப் பூட்டிவிட்டுப் பெண்டாட்டி பின்னால் வா என்று எந்த முகத்தோடு கேட்பது? விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் அவளை இன்னும் குழப்பியது. அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க மெட்ராஸ் போனபோது, தனக்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்தான். "எதுக்கும் இருக்கட்டும்" என்றான். சரி, வரப்போகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கையில், அடுத்த மாதமே கடைக்கு நீல நிறத்தில் புது போர்டு எழுதி மாட்டினான். 'ரியாஸ் ரேடியோ - டி.வி.' ஊரைவிட்டுப் போகிறவன் புது போர்டு மாட்டுவானா? திண்டிவனத்திலிருந்து பெட்டி வாங்கிவந்தான். ஒரே ஒரு பெட்டி. ஆனால் இரண்டு பேர் துணி வைக்கிற அளவுக்குப் பெரியது.

தெருவில் வேறு குழப்பம். ரியாசுதீன்தான் படிக்கப் போகிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். தபால்காரர் இராமச்சந்திரன் சைக்கிளை நிறுத்தி, "இன்னா தம்பி, நம்ம ஊர் பேரைக் காப்பாத்தணும்" என்று கைகொடுத்தார்.

"நான் இல்லண்ணே, அவங்க" என்று ரியாசுதீன் வீட்டுப் பக்கம் கைகாட்டினான்.

"அப்ப நீ?"

"நான் ரேடியோ ரிப்பேர்."

மாமியார் ஹபீபுன்னிசாவுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டியிருந்தது. அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள்: "இவ காலேஜுக்குப் போயிடுவா. இவன் அங்க இன்னா பண்ணுவான்? வூடு பெருக்குவானா? ஊர்ல சிரிக்க மாட்டாங்க?" பிறகு அவளே முறத்தை இறக்கி வைத்துவிட்டு, "பொம்பளப்புள்ளய தனியா அனுப்பறதும் நல்லா இல்ல" என்பாள். எந்தப் பக்கம் பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜூன் முதல் வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு உறை வந்தது. விசாவுக்கு வேண்டிய பத்திரம் தயாராகிறதாம். கூட யாராவது வருவதாக இருந்தால் பெயரையும் உறவையும் எழுதி, திருமணச் சான்றும் சேர்த்து உடனே அனுப்ப வேண்டும். படிவத்தில் அதற்காக விட்டிருந்த கோட்டுக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு மெஹர் பானு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான், இதுல இன்னா எழுதட்டும்?"

"உன் இஷ்டம்."

"உங்க இஷ்டம் இன்னான்னு கேக்கறேன்."

"உனக்கு எது சரின்னு படுதோ, அது."

ஆனால் மறுநாள் காலையிலேயே பள்ளிவாசலுக்குப் போய், நிக்காஹ் பதிவேட்டிலிருந்து சான்று எழுதி வாங்கிவந்தவனும் அவன்தான். "ஆங்கிலத்துல மாத்தணுமாமே. டைப் அடிக்கறவருகிட்ட போலாம், வா."

தாலுகா ஆபீஸ் ரோட்டில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தும் கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் சான்றைப் படித்தார். மெஹர் பானுவின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி சான்றைப் படித்தார்.

"தம்பி, இதுல மணமகள் பேரு முன்னின்னு இருக்குதே. யாரு முன்னி?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவங்கதான் சார்."

"இவங்க மெஹர் பானு. அமெரிக்காக்காரன் கண்ணுக்கு நீங்க முன்னியோட வீட்டுக்காரர். இந்தம்மாவைக் கூட்டிக்கிட்டு ஓடறதா நினைப்பான்."

டைப் அடித்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் சிரித்தார்கள். மெஹர் பானுவுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. பிறந்ததிலிருந்து வீட்டிலும் தெருவிலும் அவள் முன்னிதான். மெஹர் பானு என்பது பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் மட்டுமே ஆன பெயர். நிக்காஹ் அன்று பெண் சார்பில் பேசும் வக்கீலாக நின்று அவளிடம் சம்மதம் கேட்டுப்போன தாய்மாமன் நசுருதீன், தனக்குத் தெரிந்த பெயரைச் சபையில் சொல்லியிருக்கிறார். அதையே எழுதிவிட்டார்கள்.

திருத்த வேண்டுமென்றால் முத்தவல்லி அப்துல் சுக்கூரிடம் போக வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தோடு மணிலாக் கொட்டை மண்டியும் பார்க்கிறவர். எதையும் எடைபோடாமல் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"பேரு எந்த வழியா தப்தர் புக்குல ஏறுச்சோ அந்த வழியாத்தான் இறங்கணும்" என்றார். "அதே வக்கீல், அதே ரெண்டு சாட்சி வரட்டும். பொண்ணு வாயால சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. உள்ளே மெஹர் பானு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியாரும், முத்தவல்லி வீட்டுப் பெண்களும். மறுபடி நிக்காஹ் நடக்கிறதோ என்று பார்க்க இன்னும் இரண்டு வீட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்.

கல்யாணத்தன்று அவள் வாயே திறக்கவில்லை. தலையை அசைத்தாள், சுற்றியிருந்த பெண்கள் "சம்மதம்" என்று முந்திக்கொண்டார்கள். இன்று யாரும் முந்தவில்லை.

நசுருதீன் மாமா திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "முன்னி… சே, மறுபடி பாரு. அம்மா, உன் பேரு இன்னா?"

"மெஹர் பானு."

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே மாமா."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. சுக்கூரின் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குது. இன்னா எழுதறது?"

"வெளிநாட்டுல பேப்பர் கேக்கறாங்க" என்றாள் மெஹர் பானு.

"எல்லாரும்தான் பேப்பர் கேக்கறாங்க. அது காரணம் இல்லம்மா. மாப்பிள்ள உன்கூட வராரா, வரலையா? வரலைன்னா இதுக்கு இப்ப அவசரம் இல்ல. நீ படிச்சிட்டு வந்தப்புறம் நிதானமா திருத்திக்கலாம். இன்னா ரியாசு, நீ சொல்லேன். போறியா?"

மெஹர் பானுவின் கையை மாமியார் பிடித்தாள். ஆறுதலுக்குப் பிடித்தாளா, பேசாதே என்று பிடித்தாளா, தெரியவில்லை.

"என்னைத்தான் இன்னும் யாரும் கூப்பிடலையே பாய்" என்றான் ரியாசுதீன்.

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நசுருதீன் மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் ரியாசுதீனின் சிரிப்பு இல்லை. மெஹர் பானுவுக்கு அவன் சிரிப்பு நன்றாகத் தெரியும். பத்துப் பேர் நடுவிலும் பிரித்தெடுத்துவிடுவாள். அது அங்கே இல்லை.

நான்கு மாதங்களாக அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறான். பாஸ்போர்ட் எடுத்துவைத்துக்கொண்டு, அவள் கூப்பிடாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று கடைக்கு ஒரு போர்டும் மாட்டிவைத்துக்கொண்டு.

"காரணம் சொல்லும்மா" என்றார் சுக்கூர். "கட்டம் காலியா கிடக்குது."

மெஹர் பானு எழுந்தாள். மாமியாரின் கை நழுவியது. "ஏய், முன்னி, ஆம்பளைங்க இருக்காங்க" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையை விலக்கினாள். முத்தவல்லியையோ மாமாவையோ அவள் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தவனைத்தான் பார்த்தாள்.

"மச்சான், எனக்குத் தனியாப் போக இஷ்டமில்ல. கடையப் பூட்டிட்டு என்கூட வாங்க."