ஆறு மணி ஆகாத ஞாயிறு

அந்தத் தெருவுக்கு நேரம் கொடுக்கும் கடிகாரச் சிப்பு ஞானசௌந்தரி வீட்டு மீட்டர் பெட்டிக்குள் இருந்தது. சிப்பிடம் மணி கேட்டுத் தெருவுக்குச் சொல்ல டிரைவர் என்றொரு கணினி நிரல் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது மகள் பியூலாவின் வேலை. ஞாயிறு சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் அந்த நிரலைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கூத்தைப் பாரேம்மா. மணியைக் கேக்கு, நிமிஷத்தைக் கேக்கு, உடனே ரெண்டையும் இன்னொரு தடவை கேக்கு. எழுதுனவன் உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளி போல.”

இரண்டாவது கேள்வியை எடுத்துவிட்டாள்.

ஞானசௌந்தரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணிக்கு, கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஜெபசிங் போனில் பேசுவான். போன வாரம் காய்ச்சல் என்றிருந்தான்.

ஐந்து ஐம்பத்தொன்பது ஆனது. நிரல் மணியைக் கேட்டது; ஐந்து என்றது சிப்பு. அடுத்து நிமிஷத்தைக் கேட்பதற்குள் நிமிஷம் புரண்டுவிட்டது, பூஜ்யம் என்றது. சரிபார்க்க இரண்டாவது கேள்வி இல்லை; ஆகவே தெருவில் மறுபடி மணி ஐந்து. இறங்கிய வெயில் எதிர்வீட்டு மாடியில் திரும்ப ஏறிக்கொண்டது.

பக்கத்து வீட்டு கிரேஸ்லின் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். “அக்கா, ஏழாவது அஞ்சு மணிக்கும் காபி போட்டாச்சு. சீனி தீந்துட்டு. ஆறு வருமா, வராதா?”

“ஏட்டி, எடுத்ததைத் திரும்பப் போட்டிரு” என்றாள் ஞானசௌந்தரி.

“எடுத்ததை ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்கம்மா. இனிமே சேக்கணும்னா காரணம் எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆகும்.”

“வாரம் எப்படிட்டி ஆகும்?”

பியூலா நகத்தைக் கடித்தாள்.

பதினோராவது ஐந்து மணி முடியப்போகையில் ஞானசௌந்தரி கண்ணை மூடி, “கர்த்தாவே, பிள்ளையோட சத்தத்தைக் கேட்டாப் போதும்” என்று சொல்லிவிட்டு மீட்டர் பெட்டியைத் திறந்தாள். நிமிஷம் புரண்டதும் குனிந்து, காய்ச்சல்காரப் பிள்ளையிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு ராசா. இப்ப மணி என்ன?”

“ஆறு” என்றது சிப்பு.

போன் அடித்தது.

“எம்மா, காய்ச்சல் விட்டுட்டு. ஆறு ஆகட்டும்னு காத்துக்கிட்டே இருந்தேன். கப்பல் அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. இப்ப நம்ம தெருமுனையில நிக்கோம். பைக்கையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லு.”

“கூட எத்தனை பேருய்யா?”

“இருபத்திரண்டு.”

ஞானசௌந்தரி அரிசியை அளந்து களையப் போட்டாள். பிறகு, ஏழு மணிக்கு இரண்டாம் தடவை கேட்க வேண்டுமே என்று நாற்காலியை மீட்டர் பெட்டியருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெளியே கிரேஸ்லின், கப்பல் உயரத்துக்கு இடிக்கும் என்று, மாடித் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.